தம்பிலுவில் வயலிலிருந்து தென்முனைப் பனி வரை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கே மழை விட்டபாடில்லை. முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் வாவித் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அதுவரை எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் அளவு நின்றது. உன் பக்கம் வேளாண்மை தப்பியது பெரிய காரியம். மூத்த மகளுக்குக் கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பொறுப்பெடுக்கிறாள். அவள் வரும்போது உன் வீட்டுக்கும் வருவாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எறிகிற யூரியாவில் பெரும்பங்கு பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார், அப்படியானால் அது எங்கே போகிறது என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் அமோனியாவாக ஆவியாகிறது. கொஞ்சத்தைச் சேற்றிலுள்ள பற்றீரியாக்கள் நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. மிச்சம் தண்ணீரோடு ஓடுகிறது. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போகும். அந்தத் துண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

அமோனியா தூரம் போகாது. சில நாட்களில் மழையோடோ தூசியோடோ அயலிலேயே இறங்கிவிடும். நைதரசன் வாயு காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் இருக்கிறது, அதோடு கலந்து மறைந்துவிடும். நான் சொல்கிற துண்டு நைதரசொட்சைட்டு. பல் வைத்தியர் நோவு தெரியாமலிருக்கக் கொடுக்கிற அதே வாயு. யூரியா மண்ணில் மாறி வரும் நைத்திரேற்றைச் சேற்றுப் பற்றீரியா உடைக்கும்போது வேலை முழுதாக நடந்தால் நைதரசன் வாயு வரும். இடையில் நின்றுவிட்டால் இது வரும். தண்ணீர் நிற்கிற வயலில் இது குறைவு. காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும்போது கூடும். எறிகிற நைதரசனில் மிகச் சிறு பங்குதான் இப்படிப் போகிறது. ஆனால் ஒருமுறை காற்றில் ஏறிவிட்டால் 100 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். அத்தனை காலத்தில் உலகம் முழுக்கப் பரவிவிடும். கைத்தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் 100 கோடி மூலக்கூறுகளுக்கு 270 அளவில் இருந்தது, இன்றைக்கு 330ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதலுக்குப் பெரிய காரணம் பசளை. அதற்காகப் பசளையை நான் பழிக்கவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது உன் வட்டையில் நெற்பயிர் மஞ்சள் பூத்து நின்றதை நானும் வந்து பார்த்தேன். நைதரசன் இல்லாமல் சோறு இல்லை.

நைதரசொட்சைட்டு மழையில் கரைந்து இறங்குவதில்லை, கீழ்க் காற்றில் எதனோடும் தாக்கம் புரிவதுமில்லை. மெல்ல மெல்ல மேலே ஏறி, ஓசோன் இருக்கிற உயரமான காற்றுப் படையான படைமண்டலத்துக்குப் போகிறது. அங்கேதான் அதற்கு முடிவு. பெரும்பகுதியைச் சூரியனின் கழியூதா (புற ஊதா)க் கதிர்கள் உடைத்து நைதரசன் வாயுவாக்கிவிடும். சிறு பகுதி, சக்தி ஏறி அருட்டப்பட்ட ஒட்சிசன் அணுவோடு மோதி நைத்திரிக்கொட்சைட்டு ஆகிறது. இப்படி வரும் ஒட்சைட்டுகள் ஓசோனை அழிக்கும் என்று 1970இல் எடுத்துக் காட்டியவர் பௌல் குருட்சன் என்ற விஞ்ஞானி. 1995இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர். அந்த ஒட்சைட்டுகள் கடைசியில் நைத்திரிக்கமிலமாக மாறுகின்றன.

இனித்தான் தென்முனை வருகிறது. அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சூரியன் இல்லை. படைமண்டலத்தில் வெப்பநிலை மறை 78 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும்போது, ஒரு நைத்திரிக்கமில மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளும் சேர்ந்த பளிங்குகள் உருவாகி முகிலாக நிற்கின்றன. பெரிதாக வளர்ந்த பளிங்குகள் பாரத்தில் கீழே இறங்கும். அந்த நைதரசனில் ஒரு பங்கு கடைசியில் அந்தாட்டிக்கப் பனியில் போய்ச் சேரும். இப்படி மேலே இந்த நைதரசன் சேர்வைகள் வெறுமையாவதால்தான் வசந்தத்தில் குளோரீன் தடையில்லாமல் ஓசோனை அழிக்கிறது. நைதரசனீரொட்சைட்டு இருந்திருந்தால் குளோரீனைப் பிடித்துக் கட்டியிருக்கும். 1985இல் அந்தாட்டிக்காவிலுள்ள பிரித்தானியரின் ஹாலி நிலையத்திலிருந்து வெளிவந்து ஓசோன் துளையைக் காட்டிய அளவீடுகளுக்குப் பின்னால் இந்த நைதரசன் கணக்கும் இருக்கிறது.

நைத்திரிக்கமிலம் பனியில் நைத்திரேற்றாக நிற்கிறது. அங்குள்ள நைத்திரேற்று எல்லாம் இந்த வழியால் வந்ததென்று நான் சொல்லவில்லை. மின்னலும் தொலைவிலிருந்து வரும் காற்றும் தங்கள் பங்கைக் கொண்டுவருகின்றன. ஆனால் அந்தாட்டிக்காவின் உட்பகுதி உயர்பீடத்தில் மேலிருந்து இறங்குவதே முக்கியமான வரவு. உன் வயலில் கிளம்பிய ஓர் அணு அதில் இருக்கலாம். எந்த அணு என்று யாரும் காட்ட முடியாது, ஆனால் வழி திறந்துதான் இருக்கிறது.

நான் படித்த காலத்தில், பனியில் விழுந்தது விழுந்ததுதான் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவ்வளவு குளிரில் என்ன தாக்கம் நடக்கப் போகிறது? படிப்பித்தபோது நானும் அதைக் கேள்வி கேட்டதில்லை. 1990களின் கடைசியில்தான் அந்த எண்ணம் உடைந்தது. கிறீன்லாந்தின் உச்சியிலுள்ள சம்மிற் நிலையத்தில், பனித்துணிக்கைகளுக்கு இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து அளந்தார்கள். மேலே வீசுகிற காற்றில் இருப்பதைவிட அதற்குள் நைதரசன் ஒட்சைட்டுகள் பலமடங்கு இருந்தன. 1999இல் அது வெளியானது. அதே காலத்தில் தென்முனையில் கந்தகச் சேர்வைகளை ஆராயப் போன ஒரு குழு, பக்கத்தில் நைத்திரிக்கொட்சைட்டையும் அளந்தது. அப்படிப்பட்ட சுத்தமான இடத்தில் லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒரு சில இருந்தால் அதிசயம். அவர்களுக்குக் கிடைத்ததோ நூற்றுக்கணக்கில். கந்தகத்தைத் தேடிப் போனவர்கள் நைதரசனைக் கண்டுபிடித்துத் திரும்பினார்கள். இந்த விசயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காரணம் வெளிச்சம். நைத்திரேற்று அயன் 300 நனோமீற்றர் அளவிலுள்ள கழியூதாக் கதிரை உறிஞ்சி உடைகிறது. நைதரசனீரொட்சைட்டு வெளியே வருகிறது, கூடவே எதனோடும் உடனே தாக்கம் புரிகிற ஐதரொட்சில் மூலிகமும் உண்டாகிறது. குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒளியால் உடைவதை நிறுத்த முடியாது. உடைக்கிற சக்தி வெப்பத்திலிருந்து வரவில்லையே. பனியின் மேல் சில பத்துச் சென்ரிமீற்றர் வரை ஒளி ஊடுருவும். காற்று பனியை ஊதி அந்த வாயுவை வெளியே எடுக்கும். தென்முனையில் கோடையில் சூரியன் மறைவதில்லை, நிலத்தோடு ஒட்டிய காற்றுப் படையோ சில வேளை சில பத்து மீற்றர்தான், அதனால் வெளிவந்தது கலைந்து போகாமல் அங்கேயே திரள்கிறது. அந்த ஒட்சைட்டுகளால் ஓசோன் உண்டாகிறது, ஐதரொட்சில் பெருகுகிறது. அங்கே அளந்த ஐதரொட்சில் அளவை வெப்பமண்டலக் கடற்காற்றோடு ஒப்பிட்டார்கள், மச்சான். நம்முடைய கடற்கரைக் காற்று மாதிரிக் காற்றோடு! எதுவும் நடக்காத இடம் என்று நினைத்த பனிப்பரப்பு, தன் மேலுள்ள காற்றையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

வெளியே வந்ததும் அங்கே முடிந்துவிடவில்லை. சில மணித்தியாலங்களில் மறுபடி நைத்திரிக்கமிலமாகிப் பனியின் மேற்படையில் இறங்கும், மறுபடி உடையும், மறுபடி ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தைக் காற்று வேறெங்கோ கொண்டுபோய்விடும். நெல் தூற்றும்போது பதர் பறந்து மணி கீழே நிற்பதைப் போல, பாரம் குறைந்த நைதரசன் 14 முந்திக் கிளம்ப, அதே மூலகத்தின் பாரம் கூடிய அணு வகையான (சமதானி) நைதரசன் 15 பின்தங்கும். கிழக்கு அந்தாட்டிக்காவில் 3,233 மீற்றர் உயரத்தில், பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கொன்கோடியா நிலையத்தில், ஆழத்துப் பனியின் நைத்திரேற்றில் நைதரசன் 15 காற்றிலுள்ள விகிதத்தைவிட ஆயிரத்துக்கு 300 பங்கு அளவுக்குக் கூடியிருக்கிறது. இயற்கையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் மிக அரிது. அங்கே ஆண்டுக்கு விழும் பனி பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லை, ஆகவே ஒரு படை புதைந்து இருட்டுக்குப் போகுமுன் சில கோடைகளை வெயிலில் கழித்துவிடுகிறது. விழுந்ததில் மிகச் சொற்பம்தான் மிஞ்சுகிறது. கிறீன்லாந்தில் பனி அதைவிடப் பலமடங்கு விழுவதால் பெரும்பங்கு தங்கிவிடுகிறது.

இதனால்தான், பனியைத் துளைத்து எடுத்த தண்டில் நைத்திரேற்று இவ்வளவு, எனவே அந்த ஆண்டில் காற்றில் இவ்வளவு என்று யாராவது நேரே சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எவ்வளவு விழுந்தது, எவ்வளவு நேரம் வெயில் பட்டது, அடுத்த பனி எப்போது மூடியது, மூன்றையும் கேட்க வேண்டும். 1859இல் பெரிய சூரியப் புயல் ஒன்று வந்தது. அப்படிப்பட்ட புயல்களின் தடயம் பனித்தண்டின் நைத்திரேற்றில் கூர்முனையாக நிற்கும் என்று சிலர் நெடுநாள் வாதிட்டார்கள். 2012இல் பல தண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் 1859க்கு எந்த உயர்வும் இல்லை. கிறீன்லாந்துத் தண்டுகளில் தெரிந்த கூர்முனைகள் காட்டுத்தீப் புகையின் அடையாளங்களோடு சேர்ந்து நின்றன. அதே நேரம், கிறீன்லாந்துப் பனியில் கடந்த நூற்றாண்டில் நைத்திரேற்று இரட்டிப்பு அளவுக்குக் கூடியதையும், 1850க்குப் பிறகு நைதரசன் 15 குறைந்துகொண்டு வந்ததையும் நான் நம்புகிறேன். அங்கே பனி தங்குகிறது, வெவ்வேறு தண்டுகளும் ஒத்துப் பேசுகின்றன.

உன் வயலுக்கு இதில் உடனே உதவுவது கொஞ்சம்தான், ஆனாலும் சொல்கிறேன். யூரியா எறிவதற்கு முன் தண்ணீரை வற்றவிடு. சேற்றில் எறிந்து, பிறகு தண்ணீர் கட்டு. நிற்கிற தண்ணீரில் மத்தியான வெயிலில் எறிந்தால்தான் அமோனியா அதிகம் போகும். அடுத்த தரம் பாதி வயலில் இப்படிச் செய்து பார்த்து, பயிரின் நிறத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று எனக்கு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வெட்டு முடிந்ததும் இரண்டு பேரும் இங்கே வந்து நின்றுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உன் மச்சான்