ஸ்கூபா கருவி வாங்குமுன் சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் முருதேஸ்வர், புதுச்சேரி, அந்தமான் என்று கடலுக்கடியில் முக்குளிக்கச் செல்வோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சி, பயணம், பார்க்கக் கிடைக்கும் மீன்கள் எல்லாவற்றையும் நன்றாக விவரித்த அக்கட்டுரை, சொந்தக் கருவிகள் வைத்திருப்பது நல்லது என்ற ஒரே வரியோடு கருவிகளைக் கடந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பணமும் அலைச்சலும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பட்டு அறிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் பீன்யா தொழிற்பேட்டையில் அழுத்த வால்வுகள் செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை செய்பவன். கல்லூரியில் படிக்கும் மகளின் வற்புறுத்தலால் நாற்பத்தாறு வயதில் அவளோடு சேர்ந்து நகரத்து நீச்சல்குளத்தில் ஸ்கூபா பயிற்சி பெற்று, பின்னர் இரவுப் பேருந்தில் முருதேஸ்வர் போய் நேத்ராணித் தீவருகே முதன்முதலாகக் கடலில் இறங்கினேன். கடலே இல்லாத ஊரில் கடலுக்கான கருவியைத் தேடுவது எளிதல்ல. முகத்தில் அணியும் மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், மூச்சுக்குழாயான ஸ்நார்க்கெல் ஆகியவை இங்குள்ள பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. போட்டுப் பார்த்தே வாங்கலாம். மாஸ்க்கின் பட்டையை மாட்டாமல் முகத்தில் பொருத்தி, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவற்றில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. சிலிண்டரின் காற்றை அழுத்தம் குறைத்து மூச்சாகத் தரும் ரெகுலேட்டர், நீரில் மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி எனப்படும் காற்றடைத்த மேலங்கி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆகிய விலையுயர்ந்த மூன்றுக்கும் வழிகள் இரண்டுதான். ஏதேனும் ஒரு நிறுவனத்தின் டீலராகவும் இருக்கும் பயிற்சி மையத்தில் சொல்லி வரவழைக்கலாம். இல்லையேல் இணையத்தில் வாங்கலாம்.

நான் இணையத்தில் வாங்கினேன். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ரெகுலேட்டரின் விலை இங்குள்ளதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. பெட்டிக்குள் ஆயுட்கால வாரண்டி என்று அச்சிட்ட அட்டையும் இருந்தது. நான்காவது பயணத்தில் வாயில் வைக்கும் பகுதியிலிருந்து காற்று தானாகவே பீறிட்டு வெளியேறத் தொடங்கியது. அதே பிராண்டை இங்கே விற்கும் டீலரிடம் கொண்டுபோனபோது அவர் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டு, இது தங்கள் வழியாக வந்த சரக்கல்ல, எனவே தங்களிடம் இதற்கு வாரண்டி இல்லை என்று கூறினார். விற்றவர்களோ, எங்களுக்கு அனுப்பிவையுங்கள், அனுப்பும் செலவு உங்களுடையது என்று பதில் எழுதினார்கள். பழுதுபார்ப்பதற்காக அனுப்புகிறோம் என்பதற்குரிய சுங்க ஆவணங்களை முறையாகப் பதிவு செய்யாமல் நான் அனுப்பியிருந்ததால், திரும்பி வந்த பொருளுக்கு இரண்டாம் முறையும் தீர்வை கட்ட நேர்ந்தது. மிச்சப்படுத்தியதாக நான் நினைத்திருந்த தொகை அந்த ஒரே பார்சலில் போய்விட்டது. டீலர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் விற்காத பொருளுக்கு அவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? என் கோபமெல்லாம் அந்த அட்டையில் இருந்த ஆயுட்காலம் என்ற சொல்லின் மீதுதான்.

அச்சொல்லுக்குப் பின்னால் உள்ள நிபந்தனைகளை நிதானமாகப் படித்தது அதற்குப் பிறகுதான். ஆயுட்கால வாரண்டி தரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதை முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தருகின்றன. பழைய ரெகுலேட்டரை நண்பரிடமிருந்து வாங்கினால் கருவி கைமாறுமே தவிர வாரண்டி கைமாறாது. பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குத்தான் அது பொருந்தும்; ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், காற்றுக் குழாயான ஹோஸ், வாயில் கடிக்கும் ரப்பர் ஆகியவை தேய்வது குறையாகக் கருதப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டு ஆண்டுகள் அல்லது 100 முக்குளிப்புகள் இவற்றில் எது முந்துகிறதோ அப்போதோ, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் கருவியைப் பிரித்துச் சுத்தம் செய்து அதற்கான பதிவை வைத்திருக்க வேண்டும். ஒருமுறை தவறினால் ஆயுட்காலம் அன்றோடு முடிந்துவிடக்கூடும். சில நிறுவனங்கள் மாற்ற வேண்டிய பாகங்களை இலவசமாகத் தந்தாலும் பிரித்துப் பூட்டும் கூலி நம்முடையதே.

வால்வுத் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லமாட்டேன். சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் அடைந்திருக்கும் காற்றை ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருந்தும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே கூடுதலான நிலைக்குக் குறைக்கிறது. வாயிலுள்ள செகண்ட் ஸ்டேஜ் அதை மேலும் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் மூச்சாகத் தருகிறது. இவ்வளவு வேலையையும் காற்றுவழியை அடைத்துத் திறக்கும் சீட் எனப்படும் சில சிறு அடைப்புகளும் வில்லுகளும் ரப்பர் வளையங்களும் செய்கின்றன. உப்பு நீர் ஒரு துளி உள்ளே போய்க் காய்ந்தாலும் படிகமாகி அந்த சீட்டைக் கீறிவிடக்கூடும். கரையேறியதும் கருவியை நன்னீரில் அலசும் முன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை அதற்குரிய மூடியால் இறுக மூட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். படகில் நிற்கும் அவசரத்தில் பலர் மறந்துவிடுகிறோம். உள்ளே நீர் போனதா இல்லையா என்பதைக் காற்று நுழையும் இடத்திலுள்ள உலோக வடிகட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அது பச்சை பூத்திருந்தால் மெக்கானிக் அதை நம்மிடமே காட்டி, இது பயன்படுத்தியவர் தவறு, வாரண்டியில் வராது என்று கூறிவிடுவார். அவர் கூறுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் தங்கள் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடம் மட்டுமே ஒப்படைப்பார்கள் என்று கடலோரத்தில் ஒரு வழக்கு உண்டு. இன்று அந்த இடத்தில் இருப்பவர் நம் ரெகுலேட்டரைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்தான். ஆகவே கருவி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இதை எந்த ஊரில், யார் பிரிப்பார்கள், பாகங்கள் வர எத்தனை வாரமாகும் என்று கேட்க வேண்டும். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் பெங்களூருவிலோ, போக வர முடிந்த தொலைவிலோ இல்லையென்றால், எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் எஸ்.பி. ரோட்டில் கைப்பேசிக்கு உதிரிபாகம் தேடுவதுபோல் இதற்குத் தேடி அலைய முடியாது.

டைவ் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு வாரண்டிதான். பேட்டரியை நாமே மாற்றும்போது மூடியின் ஓ-ரிங் சரியாக உட்காராமல் நீர் புகுந்தால் அதுவும் கிடையாது. சிலிண்டரைப் பொறுத்தவரை, தயவுசெய்து யாரும் வாங்க வேண்டாம். உயரழுத்தக் கொள்கலன் என்பதால் அது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலுக்கும், 2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்கும், குறித்த கால இடைவெளியில் நடத்தப்படும் நீரழுத்தச் சோதனைக்கும் உட்பட்டது. காற்று நிரப்பி வாடகைக்குத் தருவது முக்குளிப்பு மையத்தின் வேலை. நமக்கு எதற்கு அந்தத் தலைவலி?

சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, ஆனால் நடைமுறையில் விற்றவர் இந்தியாவில் இருந்தால்தான் அது எளிதில் எட்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனையாளர் மும்பையிலோ கோவாவிலோ இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று இச்சட்டம் வகைப்படுத்துகிறது. ஆகவே பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது. அந்த பில் இல்லாமல் வாரண்டியும் இல்லை. முறையாக இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடும், அதிகபட்ச விலையும், புகாருக்கான தொடர்பு விவரமும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாள் இல்லாத பெட்டியை நான் இப்போது பிரிப்பதே இல்லை.

அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்று. பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவை. உயிர்மூச்சைத் தரும் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. வாங்குவோர் எண்ணிக்கையில் சிலரே என்பது எனக்குப் புரிகிறது. அதற்காகப் பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் தேவையில்லை. இத்தகைய கருவிகளை இறக்குமதி செய்பவர், தம் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் இந்தியாவில் எங்கே உள்ளது என்பதை அதே ஒட்டுத்தாளில் ஒரு வரியாக அச்சிட வேண்டும் என்று விதித்தால் போதும்.

என் ரெகுலேட்டர் இப்போது நன்றாக வேலை செய்கிறது. அதை இங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பராமரிக்கிறேன், வாரண்டியை மறந்துவிட்டேன். மகளுக்குச் சென்ற ஆண்டு வாங்கியது டீலரிடமிருந்து, பில்லோடும் பதிவு செய்த சீரியல் எண்ணோடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நேத்ராணிக்குப் படகு போகாது என்பதால் இரண்டையும் ஜூன் முதல் வாரத்திலேயே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுகிறோம். செப்டம்பர் கடைசியில் கொண்டுபோனால் வரிசையில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.