படிக்கப் போன ஊரில் ஓட்டும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனுக்கு மேற்படிப்புக்குப் போகும் மாணவர்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கட்டணம், விசா, படிப்பு முடிந்தபின் வேலை என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த மாணவர் போய் இறங்கி, குடியிருக்கப்போகும் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மத்திய இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் உள்ள நகரம் ஒன்றில் நான் பல வருடங்களாக வசிக்கிறேன். வீட்டு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லுங்கள், டாக்டரிடம் நோயாளியாகப் பெயர் பதிய வேண்டும் கூட வாருங்கள் என்று கேட்கும் மாணவர்களுக்கு என்னால் ஆனதைச் செய்து வருகிறேன். விட்டுப்போன அந்தப் பக்கத்தை எழுதலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்க்காரர்கள் சொல்லும் குறையைச் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது. குப்பை அள்ளுவது, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் நகராட்சி அந்த வரியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அங்கே நகராட்சிகளின் கை இப்போது மிகவும் இறுக்கம். 2023-இல் பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் இரண்டுமே வரவுக்கும் செலவுக்கும் ஒத்துப்போகவில்லை என்று முறைப்படி அறிவித்தன. அதற்கு மாணவர்கள் காரணமில்லை. ஆனாலும் ஒரு தெருவில் பாதி வீடுகள் மாணவர் வாடகைக்கென்று மாறிப்போனால், மீதிப் பாதியில் வரி கட்டிக்கொண்டு இருப்பவருக்கு மனசில் ஒரு கேள்வி எழத்தான் செய்யும்.

அந்தக் கோபம் யார் மேல் போய் விழுகிறது என்பதுதான் என் கவலை. இங்கிலாந்தில் உள்ளூர் இளநிலை மாணவருக்கு 2025-26-க்கான உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு உச்சவரம்பே இல்லை. அதைப்போல இரண்டு மடங்கு, சில படிப்புகளுக்கு மூன்று மடங்கு வாங்குகிறார்கள். பல்கலைக்கழகங்களின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவர்களுடைய கட்டணம்தான். இதுபோக மருத்துவ வசதிக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு விசாவுடனே கட்டியாக வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு வருகிறவர்கள் மனைவியையோ கணவரையோ குழந்தைகளையோ கூட்டி வர முடியாது. படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் இரண்டு வருட அவகாசம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பெரும்பாலானவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. பணம் பல்கலைக்கழகத்துக்கும் லண்டனில் உள்ள அரசுக்கும் போய்விடுகிறது. பழி மட்டும் மாணவர் குடியிருக்கும் தெருவிலேயே தங்கிவிடுகிறது.

ஊருக்கும் படிக்க வந்தவர்களுக்கும் இடையிலான உரசல் பழைய கதைதான். 1355 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஒரு மதுக்கடையில் தொடங்கிய வாய்த்தகராறு பெரிய கலவரமாகி, மாணவர் தரப்பில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு ஊர் 1825 வரை ஆண்டுதோறும் அபராதம் கட்டி வந்தது. நம் காஞ்சியும் இதற்கு விலக்கில்லை. 4-ஆம் நூற்றாண்டில் அங்கே கடிகை என்ற கல்விச்சாலையில் படிக்க வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவில் மனம் கொதித்து, படிப்பை விட்டு வாளை எடுத்தான் என்கிறது தாளகுண்டா கல்வெட்டு. கதம்ப அரசு அப்படித்தான் உருவானது. இன்றைய மாணவர் அப்படி எதுவும் செய்யமாட்டார். வாயை மூடிக்கொண்டு சகித்துக்கொள்வார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று படுக்கையறை வீடு, ஏழு மாணவர்கள். முன்னறையைப் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஜன்னல் அந்தப் பக்கத்து ஆளுக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் எதுவும் தெரியும். கட்டில் போக மீதி இடத்தில் ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் லேப்டாப். சுவரோரம் ஈரம் பூத்துக் கறுத்திருந்தது. அங்கே குடியிருந்த தம்பி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "அண்ணா, புகார் கொடுத்தா விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

ஆகாது. ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேர், அதற்கு மேற்பட்டவர்கள் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் கட்டாயம். அந்த மாதிரி வீட்டை எச்.எம்.ஓ. என்பார்கள். அப்படி உரிமம் பெற்ற வீட்டில் பெரியவர் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருக்க வேண்டும். வந்து பார்த்து நடவடிக்கை எடுப்பது நகராட்சியின் வேலை. புகார் கொடுத்தவரின் விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வாடகை முன்பணமும் அப்படித்தான். சாதாரண மாணவர் வாடகைக்கு ஐந்து வாரத் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லை என்பதற்காக ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொட்டச் சொல்லும் வழக்கத்துக்கும் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் தடை போடுகிறது. சட்டம் எல்லாம் இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைக்கு அதைச் சொல்லத்தான் ஆளில்லை. டாக்டரிடம் பதியப் போனால் முகவரிச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். சான்று இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பது விதி. அது தெரியாமல் காய்ச்சலோடு வீடு திரும்பிய பெண்ணை எனக்குத் தெரியும்.

அப்புறம், நம்மவர்களில் பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் நம்பாத ஒரு விஷயம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், 18 வயதாகி, முறையான விசாவில் பிரிட்டனில் குடியிருந்தால் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நகராட்சித் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு வந்தவருக்கும் இது பொருந்தும். பெயர் சேர்ப்பது இணையத்தில் சில நிமிட வேலை. வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு நம் பாஸ்போர்ட்டையே காட்டலாம். சீனா போன்ற பிற நாட்டு மாணவர்களுக்கு இங்கிலாந்தில் பொதுவாக இந்த உரிமை இல்லை. ஆனால் ஸ்காட்லாந்து, வேல்ஸ் இரண்டிலும் சட்டப்படி குடியிருக்கும் எந்த நாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம்.

வந்து ஒரு வருடத்தில் போகிறவருக்கு ஓட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் பெற்றோர்களே கேட்கிறார்கள்: போன இடத்தில் படிப்பை மட்டும் பார், அரசியல் எதற்கு? எனக்கு இது சரியாகப் படவில்லை. ஒரு மாணவர் செப்டம்பரில் கிளம்பினால் அதே அறைக்கு அதே மாதம் இன்னொருவர் வந்துவிடுகிறார். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும், ஊரில் மாணவர் என்று ஒரு கூட்டம் எப்போதும் இருக்கிறது. வார்டு தேர்தல்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வருவதில்லை. சில நூறு ஓட்டு பெரிய விஷயம். மாணவர்கள் நிறைந்த வார்டில் அவர்கள் பெயரே பட்டியலில் இல்லையென்றால், அந்த ஈரச் சுவரைப் பற்றி எந்தக் கவுன்சிலருக்கு அவசரம் இருக்கும்?

பல்கலைக்கழகங்கள் இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்வது ஒன்றும் சிரமமில்லை. முதல் வாரம் அடையாள அட்டை வாங்க எல்லா மாணவரும் வரிசையில் நிற்கிறார்கள். அதே கூடத்தில் நகராட்சி ஒரு மேஜை போடட்டும். வாக்காளர் பதிவு, முன்பணப் பாதுகாப்பு, டாக்டர், எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடலாம். குப்பைத் தொட்டியைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டியுடன் வரும் சண்டையில் பெரும்பகுதி அதில்தான் தொடங்குகிறது. மாணவர்களும் வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இன்னார் என்று சொல்லி ஒரு வணக்கம் வைத்துவிட்டால் பாதி உரசல் அப்போதே குறையும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த முறை வெளிநாட்டுக் கல்வி பற்றி இதழில் எழுதும்போது, வாடகை முன்பண விதி, எச்.எம்.ஓ. உரிமம், வாக்குரிமை மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்டுகள் இதையெல்லாம் சொல்வதில்லை. தங்கள் இதழைப் படிக்கும் அப்பா அம்மா கத்தரித்து எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி வைப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இங்கிலாந்து