உம்ரிக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எபிரெய அரசர்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்டுவரும் தொடரை முதல் பகுதியிலிருந்து விடாமல் படித்துவருகிறேன். தாவீதுக்கும் சாலொமோனுக்கும் பல வாரங்கள் ஒதுக்கியது நியாயமே. ஆனால் சென்ற பகுதியில் "சமாரியாவைக் கட்டிய ஆகாப்" என்று வந்திருந்ததைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. வட இஸ்ரவேலின் தலைநகராகிய சமாரியாவைக் கட்டியவர் அரசன் ஆகாபின் தகப்பனார் உம்ரி. கட்டுரையில் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போய்விடுகிறது.

நான் முப்பது ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவள். எலியாவும் யேசபேலும் நாபோத்தின் திராட்சத் தோட்டமும் பிள்ளைகளுக்குப் பிடித்த கதைகள் என்பதால் நானும் உம்ரியைத் தாண்டி ஆகாபிடம் ஓடியதுண்டு. வேதாகமமே அவருடைய ஆட்சிக்கு ஆறு வசனங்கள்தான் தருகிறது. அரசன் ஏலாவைக் கொன்ற சிம்ரி ஏழே நாள் ஆண்டான். போர்க்களத்தில் இருந்த சேனை, தன் தளபதி உம்ரியை அரசனாக்கியது. சிம்ரி அன்றைய தலைநகர் திர்சாவில் அரண்மனைக்குத் தீவைத்து அதிலேயே மாண்டான். பிறகும் மக்களில் பாதிப்பேர் அரசுரிமைக்குப் போட்டியிட்ட திப்னியின் பக்கம் நின்றார்கள். இத்தனை குழப்பத்துக்குப் பின் நாட்டை ஒன்றாக்கி, ஆறு ஆண்டுகள் திர்சாவில் ஆண்டு, சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து ஒரு மலையை வாங்கித் தலைநகர் கட்டினார் உம்ரி. வட இஸ்ரவேல் வீழும்வரை தலைநகர் அந்த மலையில்தான் இருந்தது.

வேதாகமம் அரசர்களை வழிபாட்டைக் கொண்டு அளக்கிறது. "கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான்" என்று அது உம்ரியைத் தீர்த்துவிட்டது. விசுவாசியாகிய எனக்கு அந்தத் தீர்ப்பில் மறுப்பில்லை. ஆனால் தாங்கள் எழுதுவது வரலாற்றுத் தொடர். அக்கம்பக்கத்து நாடுகள் கல்லில் வெட்டிவைத்ததையும் பார்க்க வேண்டாமா?

1868-இல் யோர்தானுக்குக் கிழக்கே தீபானில் ஒரு கருங்கல் கிடைத்தது. மோவாப் அரசன் மேசா வெட்டுவித்தது. அது உடைபடுவதற்கு முன்பே எழுத்துகளைத் தாளில் ஒற்றியெடுத்திருந்ததால்தான் இன்று பெரும்பகுதியை வாசிக்க முடிகிறது. இப்போது பாரீசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான், மோவாபின் தெய்வமான காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபம்கொண்டிருந்ததே அதற்குக் காரணம் என்கிறான் மேசா. தெய்வத்தின் கோபத்தால் நாடு தோற்றது என்று எபிரெயர் சொல்லும் அதே பேச்சு எதிரியின் வாயிலும்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அசீரியர்களும் உம்ரியை மறக்கவில்லை. வட இஸ்ரவேலை அவர்கள் "உம்ரியின் வீடு" என்றும் எழுதினார்கள். அவர் இறந்து நூறாண்டுக்கு மேலாகி, கி.மு. 722-ஐ ஒட்டிச் சமாரியா விழுந்த பின்னும் அசீரிய அரசன் சர்கோன் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறான்.

பின்னாளில் இஸ்ரவேலின் அரசனான யெகூவின் கதை இன்னும் வியப்பானது. உம்ரியின் பேரன் யோராமை அம்பெய்து கொன்று, ஆகாபின் குமாரர் எழுபது பேரின் தலைகளையும் வாங்கி, அந்த வம்சத்தையே வேரறுத்தவன் அவன். ஆனால் 1846-இல் பழைய அசீரிய நகரமான நிம்ரூதில் கிடைத்த அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாரின் கருந்தூணில், கப்பம் கட்டிய அவனை "உம்ரியின் மகன்" என்று குறித்திருக்கிறார்கள்.

அடுத்த பகுதி யெகூவைப் பற்றியது என்றும், அந்தத் தூணின் படம் இடம்பெறும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். சமாரியா பற்றிய திருத்தத்தை அதே இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். படத்தின் கீழே வெறுமனே "யெகூ" என்று போடாமல், கல்லில் இருக்கிறபடியே "உம்ரியின் மகன் யெகூ" என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை,
பாளையங்கோட்டை