தெற்கு அரைக்கோளத்தில் காற்றின் திசை தவறாக அச்சிடப்பட்ட சார்ட் குறித்துப் புகார்

அனுப்புநர்:
புவியியல் ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 'கோள் காற்றுகள்' சுவர் சார்ட்டில் உள்ள பிழை – மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தங்கள் நிறுவனத்தின் 'கோள் காற்றுகள்' சார்ட்டை 850 ரூபாய் கைக்காசு போட்டு வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பில் மாட்டி மூன்று நாள் பாடமும் நடத்தினேன். பிழையைக் கண்டுபிடித்தவள் முப்பந்தல் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி. நிலநடுக்கோட்டுக்குக் கீழே விரலை வைத்து, "டீச்சர், பேரு தென்கிழக்கு வியாபாரக் காத்துன்னு போட்டிருக்கு. அம்பு தென்மேக்குல இருந்துல்லா வருது?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. அன்று மாலையே ட்ரேசிங் தாளை வட அரைக்கோளத்தின் மேல் வைத்து எல்லா அம்புகளையும் வரைந்தேன். தாளை அரைவட்டம் திருப்பித் தெற்கே வைத்தபோது ஓர் அம்பு விடாமல் பொருந்தியது. கண்ணாடியில் தெரிவதுபோல் நடுக்கோட்டுக்குக் கீழே கவிழ்க்க வேண்டிய படத்தை, உங்கள் ஓவியர் சுற்றிவிட்டிருக்கிறார். அதனால் தெற்கே வியாபாரக் காற்று, மேலைக் காற்று, துருவக் காற்று மூன்றுமே தப்பான பக்கத்திலிருந்து வீசுகின்றன. வடக்கே வலப்பக்கமும் தெற்கே இடப்பக்கமும் காற்று விலகும் என்பதுதான் ஃபெரல் விதி. உங்கள் சார்ட்டில் இரண்டு பாதியிலும் வலப்பக்கமே விலகுகிறது.

சின்ன அச்சுப்பிழை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் சைக்கிள் ஓட்டவே முடியாது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். இந்தியப் பெருங்கடலின் தெற்குப் பாதியில் தென்கிழக்குக் காற்றாகக் கிளம்பி, வடக்கே நிலம் சூடாகி அழுத்தம் குறைந்திருப்பதால் நடுக்கோட்டைத் தாண்டி வந்து, வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. இந்தத் திருப்பத்துக்குக் காரணம் பூமியின் சுழற்சி. நடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. 30 டிகிரி அட்சத்தில் சுமார் 1,450 கி.மீ.தான். நடுக்கோட்டிலிருந்து வடக்கே போகும் காற்று அந்த வேகத்தோடேயே போவதால், தரையை முந்திக் கிழக்கே சாய்கிறது. உங்கள் படத்திலோ அது தெற்கிலேயே தென்மேற்காகக் கிளம்பி நேராக எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது. திருப்பமே இல்லை. இதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்குக் கொரியாலிஸ் விளைவை, அதாவது பூமியின் சுழற்சியால் காற்று விலகுவதை, எப்படிப் புரியவைப்பது?

இரண்டாவது பிழை, அடியில் அச்சிட்டிருக்கும் "பூமி சுழல்வதால் காற்று உருவாகிறது" என்ற வரி. காற்றை உருவாக்குவது சூரியன். நடுக்கோட்டுப் பகுதி அதிகம் சூடாகிறது; அங்கே காற்று விரிந்து, லேசாகி, மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப அழுத்தம் கூடிய பக்கமிருந்து காற்று ஓடிவருகிறது. பூமியின் சுழற்சி அதன் பாதையை வளைக்கிறது, அவ்வளவே. ஜார்ஜ் ஹாட்லி 1735-லேயே வியாபாரக் காற்றுக்குச் சூரிய வெப்பம், பூமியின் சுழற்சி இரண்டையும் சேர்த்துத்தான் விளக்கம் சொன்னார். இத்தனைக்கும் சார்ட்டின் ஓரத்தில் ஹாட்லி சுழற்சியை அழகாக வரைந்திருக்கிறீர்கள். மேலே ஏறிய காற்று 30 டிகிரி அருகே இறங்குவதையும், அந்த வரிசையில் சஹாரா, கலஹாரி பாலைவனங்கள் இருப்பதையும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். அந்த அக்கறை மற்ற இடங்களிலும் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு முறை போன் செய்தேன். "நிறைய ஸ்கூல் வாங்கியிருக்காங்க மேடம், இதுவரை யாரும் சொல்லல" என்றார் எடுத்தவர். நிறையப் பள்ளிகள் வாங்கியிருக்கின்றன என்பதுதான் என் கவலையே.

பிழை திருத்திய புதிய சார்ட் வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கையிருப்பில் உள்ளவற்றின் விற்பனையை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கிய பள்ளிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சுவரிலிருந்து எங்கள் சார்ட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்துதான் நடத்துகிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை

இணைப்பு: ரசீது நகல், சார்ட்டின் புகைப்படங்கள், அம்புகள் வரைந்த ட்ரேசிங் தாள்.