செந்திலுக்கு, உன் கையில் மட்டும்

ஒட்டன்சத்திரம்,
22-11-2025

அன்புள்ள செந்திலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் சுகம். நீ, சுதா, குட்டிப் பாப்பா எல்லோரும் சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை.

செல்வி மகன் பெங்களூர் வருகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் முருங்கைக்காய்ப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று நினைத்தேன். பெட்டியைச் சுதாதான் பிரிக்கும் என்று எடுத்துவிட்டேன். போனில் பேசலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். வாட்ஸ்அப் அனுப்பினால் பாப்பாதான் பார்க்கிறது. காய் நாற்பது இருக்கிறது. நம் வீட்டு மரத்துக் காய், மண்டிக் காய் இல்லை.

மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டதா? தீபாவளிக்கு வந்தபோது இடது கையில் சோறு கிண்ணத்தைக்கூடப் பிடிக்காமல் இருந்தாய். வண்டி வழுக்கியது என்றாய். போன வாரம் வீடியோவில் பாப்பா உன் வண்டி மேல் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி, ஹேண்டில், கால் வைக்கும் கம்பி எதிலும் ஒரு கீறல் இல்லை. நல்ல வண்டி. தீபாவளிக்கு முன்னால் மூன்று நாள் உன் போன் அணைந்திருந்தது. பிறகு புதுப் போன், ஆபீஸில் கொடுத்தது என்றாய். அதையும் கேட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சரவணன் முந்தாநாள் வந்திருந்தான். அவனுடைய பாங்குக் கணக்கை முடக்கி நாலு மாதம் ஆகிறதாம். சம்பளமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டதாம். என்னடா என்று கேட்டேன். யூஎஸ்டிடி விற்றேன் மாமா என்றான். டாலர் மதிப்புக்கு ஈடாக ஓடுகிற கிரிப்டோ காசாம். வாங்கினவன் அனுப்பிய பணம் யாரோ ஒரு அப்பாவியிடம் ஆன்லைனில் ஏமாற்றிப் பிடுங்கிய பணமாம். வேறு மாநில சைபர் போலீஸ் அந்தப் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டே வந்து இவன் கணக்கில் நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லிக்கொண்டே, "செந்தில் அண்ணன் உசாரு மாமா, அவர் பாங்குப் பக்கமே போறதில்ல, எல்லாம் ரொக்கம்தான்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு டீ போடச் சொன்னேன்.

பிறகு அவனிடமே முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பி.யு.சி.கூடப் படிக்காதவன் என்று நினைக்காதே, எனக்கு நன்றாகவே புரிந்தது. இந்தக் காசை வாங்கி விற்கிற ஆப்புக்குள் வியாபாரம் நடந்தால், விற்கிறவன் காசை ஆப்புக்காரன் பூட்டி வைத்துக்கொள்கிறான். வாங்குகிறவன் பணம் வந்து சேர்ந்தது என்று நீ சொன்ன பிறகுதான் காசை அவிழ்த்து விடுகிறான். எஸ்க்ரோ என்கிறார்கள். நம் மண்டிதானே அது! விவசாயிக்கும் சாலக்குடிக் கடைக்காரனுக்கும் நடுவில் நாங்கள் நின்ற மாதிரி. அப்புறம் ஏன் வெளியே போகிறீர்கள் என்று கேட்டேன். டெலிகிராமில் ஒருத்தன் வந்து காசுக்கு இரண்டு ரூபாய் கூடத் தருகிறேன், நேரில் வா என்கிறானாம். ஒரு சதவீத டிடிஎஸ் வரிப் பிடிப்பும் இல்லை, கணக்கு முடங்குகிற பயமும் இல்லையாம். ஆக, பாங்குக்குப் பயந்து ரொக்கத்துக்குப் போகிறீர்கள். ரொக்கத்துக்குப் பயந்து எங்கே போவீர்கள் என்று கேட்டேன், அவனிடம் பதில் இல்லை.

நான் இருபத்திரண்டு வருடம் மண்டி வசூலுக்குப் பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி என்று போனவன். அப்போது யூபிஐ ஏது? பனியனுக்குள் தைத்த பையில் பணத்தோடு பஸ்ஸில் வருவேன். உன் அம்மாதான் தைத்துத் தருவாள். அதனால் சொல்கிறேன். ஆள் தெரியாதவனைப் பார்க்கப் போனால் இடத்தை நீ சொல்ல வேண்டும். அவன் சொன்ன இடத்துக்குப் போகாதே. வந்த பிறகு "இங்க வேண்டாம் அண்ணா, வண்டியில உக்காந்து எண்ணலாம்" என்று சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடு. வண்டியில் ஏறாதே. கார் கதவு சாத்திவிட்டால் அது அவன் வீடு. பாங்குக் கிளைக்குள்ளே கேமரா இருக்கிறது, காவலாளி இருக்கிறான், நோட்டு எண்ணுகிற மிஷின் இருக்கிறது. அங்கே வரச் சொல். நல்லவன் வருவான். வராதவனை ஏன் பார்க்க வேண்டும்?

நோட்டை முழுசாக எண்ணு. ஒரு லட்சம் என்றால் ஐநூறில் இரண்டு கட்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு நல்ல நோட்டு வைத்து நடுவில் வெறுங்காகிதம் வைத்த கட்டை நானே திருச்சூரில் பார்த்திருக்கிறேன். கட்டை விரலால் சர்ரென்று விட்டுப் பார்ப்பது எண்ணிக்கை ஆகாது. ஐநூறு நோட்டைச் சாய்த்தால் நடுவில் உள்ள இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். இரண்டு ஓரத்திலும் கண் தெரியாதவர்களுக்காக ஐந்து கோடு உப்பலாக இருக்கும், நகத்தால் தடவிப் பார். நீ காசை அனுப்பிவிட்டால் அது போனதுதான், திரும்பாது என்கிறான் சரவணன். எந்த பாங்க் மேனேஜர் காலில் விழுந்தாலும் வராதாம். அப்படிப்பட்ட பொருளை நோட்டை எண்ணி முடிக்காமல் ஒருவன் அனுப்பலாமா?

நீ வாங்குகிறவனாக இருந்தாலும் அப்படித்தான். அவன் போனில் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதே. காசு வைக்கிற உன் ஆப்பில், அதாவது வாலட்டில், வந்து விழுந்ததா என்று நீயே பார். யூஎஸ்டிடி என்றே பெயர் வைத்துக்கொண்டு போலிக் காசு அனுப்புகிறவர்களும் உண்டாம். பிட்காயின் என்றால் அனுப்பினது முதல் தடவை உறுதியாகச் சுமாராகப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் அனுப்பினவன் திருப்பி இழுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது என்கிறான். அந்தப் பத்து நிமிடம் "அவசரம் அண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஒருவன் பறந்தால், அவன் எந்த பஸ்ஸுக்கும் போகவில்லை.

போனை அடுத்தவன் கையில் கொடுக்காதே. மொத்தத்தையும் அந்தப் போனிலேயே வைத்துக்கொண்டு போகாதே. அன்றைக்கு வேண்டியதை மட்டும் வேறொரு வாலட்டில் எடுத்துப் போ. நாங்கள் வசூலுக்குப் போனால் மேல் பையில் நூறு ரூபாய், உள் பையில் மற்றது. எவனாவது மடக்கினால் மேல் பையைக் கொடுத்துவிடலாம். எங்கே போகிறாய், யாரைப் பார்க்கிறாய் என்று ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டும். சுதாவுக்குத் தெரியுமா? கத்தியைக் காட்டினால் கொடுத்துவிட்டு வா. கையை முறுக்கினால் இழுத்துப் பிடிக்காதே, கொடுத்துவிடு. போன ஜனவரியில் பிரான்சில் இந்தக் காசுக்குப் பூட்டு செய்து விற்கிற கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரையே கடத்திப்போய் விரலை வெட்டினார்கள், பேப்பரில் வந்தது. அவர் இந்தத் தொழிலின் தலைமகன் மாதிரி. அவருக்கே அந்த நிலைமை. வண்டியில் மட்டும் ஏறாதே.

நீ புத்திசாலி. எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 200 வாங்கினபோது மண்டி முதலாளி மைக்கில் சொல்லிச் சந்தைக்கே மிட்டாய் கொடுத்தார். அந்தக் கணக்குப் புத்தி இதில் எங்கே போனது? லாபத்துக்கு 30 சதவீதம் வரி, நஷ்டத்தைக் கழிக்கவும் விடமாட்டார்கள் என்று 2022-லேயே சொல்லிவிட்டார்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அந்தப் பணத்தைக் கையில் பெற்றவனுக்கு அதே அளவு அபராதம். 2017-லிருந்து மண்டியில் ஆடிட்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். சரவணன் என்னவோ 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே, இந்தக் காசு வியாபாரத்துக்குப் பாங்குகள் உதவக்கூடாது என்ற ரிசர்வ் பாங்கு தடையை ரத்து செய்துவிட்டது, தப்பே இல்லை மாமா என்கிறான். இருக்கட்டும். நீ தப்பு செய்தாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் காட்டாத ரொக்கத்தோடு ஒருவன் வந்து நின்றால், அவனை அடித்தாலும் போலீசுக்குப் போகமாட்டான் என்று அடிக்கிறவனுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அடிக்கிறான். நீ போலீசுக்குப் போக வேண்டும். 112-க்குப் போடு. ஆன்லைனில் ஏமாற்றினால் உடனே 1930. அவமானம் பார்க்காதே. யாரும் கேலி செய்ய மாட்டார்கள். வண்டி வழுக்கியது என்று சொல்லாதே.

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என்ன எழுதுகிறீர்கள் என்று இரண்டு முறை வந்து கேட்டாள். எல்ஐசிக்கு என்று சொன்னேன்.

செந்தில், 1996 ஐப்பசியில் மண்டிப் பணம் 62,000 போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மூன்றாம் வகுப்பு. பஸ்ஸில் தூங்கிவிட்டேன், பையை அறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். தூங்கவில்லை. பையையும் யாரும் அறுக்கவில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் பழக்கமானான். வீட்டுக்கு வானம் தோண்டும்போது பானை நிறையத் தங்க மணி கிடைத்தது, ஊருக்குள் விற்க முடியாது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். இரண்டு மணி கொடுத்தான். பழனியில் ஆசாரியிடம் உரசிப் பார்த்தேன், சுத்தத் தங்கம். அடுத்த மாதம் இரண்டாயிரத்துக்கு வாங்கினேன், அதுவும் தங்கம்தான். அதை விற்ற லாபத்தில்தான் உனக்கு அந்தச் சிவப்பு சைக்கிள் வந்தது. மூன்றாம் முறை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் வேறொருவன் வருகிறான் என்றான். மண்டிப் பணத்தோடு உடுமலைக்கு இந்தப் பக்கம் இறங்கினேன். அவன் ஒரு வேனில் வந்திருந்தான். வெளியே வேண்டாம் அண்ணா, வண்டியில் உட்கார்ந்து எண்ணலாம் என்றான். ஏறினேன்.

வாய்க்கால் மேட்டில் இறக்கிவிட்டார்கள். என் வலது தோள் இன்றைக்கும் மேலே தூக்காது, பார்த்திருப்பாய். வாயு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு என்னோடு பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவன் உன் தங்கவேல் மாமா. நான் பாதியில் இறங்கினேன், அவன் ஊருக்கு வந்துவிட்டான். பையை அறுத்தார்கள் என்றதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது. நான் தங்கவேல் என்று சொன்னேன். உண்மைதானே, பாதி தூரம் அவன்தான் உட்கார்ந்திருந்தான். இறங்கினதைச் சொல்லவில்லை. அவனைப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "மாமா இறங்கிட்டார்" என்று அவன் சொல்லியிருக்கிறான். யாரும் நம்பவில்லை. நான் இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் அதற்கு மேல் பேசவில்லை. அக்கா புருஷன் என்று விட்டுவிட்டான்.

உன் அம்மா ஆரத்தை விற்று மண்டிக்குக் கட்டினாள். தம்பி இப்படிச் செய்துவிட்டானே என்று அன்றைக்கு அழுதவள், அதற்குப் பிறகு அவன் வாசலை மிதிக்கவில்லை. 29 வருடம். ஆயா செத்த வீட்டில்கூட இரண்டு பேரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரியும், நீயும் சின்ன வயதில் "திருட்டு மாமா" என்று சொல்லியிருக்கிறாய். உன்னைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நீ கேட்ட மூன்று லட்சத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியில் இருக்கிற நண்பன் பெயர் முதல் தடவை கார்த்திக் என்றாய், அடுத்த தடவை சதீஷ் என்றாய். பரவாயில்லை. தபால் ஆபீஸ் டெபாசிட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறேன். வட்டி கொஞ்சம் குறையும். யாரிடம் கடன் வாங்கியிருந்தாலும் முதலில் அதை அடை. மிச்சம் இருந்தால் மருமகளிடம் கொடுத்து வை. அந்த ஆளைத் தேடிக்கொண்டு மட்டும் போகாதே.

தங்கவேல் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை யார் மூலமாகவோ வந்தது. உன் அம்மா பார்க்கவில்லை, என் பீரோவில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கள்ளிமந்தயம் போய் அவனைப் பார்க்கப் போகிறேன். சொன்ன பிறகு அவள் என்னோடு வருவாளா என்று தெரியாது. நீ சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். நான் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக நிற்பேன். கை வலித்தால் பையைத் தூக்காதே, நான் இடது கையால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா