பேட்டன் ரூஜில் அரசியல் இல்லையா, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விளையாட்டில் அமெரிக்காவைப் பார்த்து நாம் என்ன கற்க வேண்டும் என்று தங்கள் விளையாட்டு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல தாள், நல்ல படங்கள். நடுவில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் ஒரு வரி: “அங்கே கல்லூரி விளையாட்டுத் துறைக்குள் எந்த அரசியல்வாதியும் மூக்கை நுழைக்க முடியாது.” அந்த வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

நான் இதை எழுதுவது லூசியானா மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜிலிருந்து. மகள் வீட்டில் இருக்கிறேன். எல்.எஸ்.யு. என்று இவர்கள் சொல்லும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2025 அக்டோபர் கடைசியில் இங்கே நடந்த கூத்து கட்டுரையாளர் காதுக்கு எட்டவில்லை போலும். எட்டியிருந்தால் அந்தக் கட்டத்துக்குள் வேறு ஏதாவது போட்டிருப்பார்.

தாங்கள் அறியாதது அல்ல, வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ‘அத்லெட்டிக் டைரக்டர்’ என்பவர் என்னைப் போல் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுண்ணாம்பு போட ஆள் வரவில்லை என்று தானே கோடு போடுகிற பி.டி. இல்லை. பயிற்சியாளரை எடுப்பது, நீக்குவது, டிக்கெட், ஒளிபரப்பு, நன்கொடையாளர் என்று எல்லாம் அவர் கையில். பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர்தான். ஆளுநர் அவருக்குப் பக்கத்தில்கூட வரமுடியாது. (இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, ஓட்டு வாங்கி வருபவர்.)

எல்.எஸ்.யு.வில் 2019 முதல் அந்தப் பதவியில் இருந்தவர் ஸ்காட் உட்வார்ட். இதே ஊரில் பிறந்து இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2021இல் கால்பந்துக்கு, அதாவது அமெரிக்கக் கால்பந்துக்கு, பிரையன் கெல்லி என்ற பயிற்சியாளரைப் பத்தாண்டுக்குச் சுமார் 9.5 கோடி டாலர் பேசிக் கொண்டுவந்தார். அக்டோபர் 25, சனிக்கிழமை. லட்சம் பேர் உட்காரும் சொந்த மைதானத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிவதற்குள் பாதி மைதானம் காலி. மறுநாள் கெல்லி நீக்கம். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது 5 கோடி டாலருக்கு மேல். அந்த ஞாயிறு இரவு ஆளுநர் மாளிகையில் கூட்டம் நடந்தது என்று இங்கத்திய ஊடகங்கள் எல்லாம் எழுதின. கால்பந்துப் பயிற்சியாளருக்கும் ஆளுநர் மாளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அரசியல்தான் இங்கே இல்லையே!

புதன்கிழமை, வேறு எதற்காகவோ கூட்டிய செய்தியாளர் சந்திப்பில் ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி வாய் திறந்தார். அடுத்த பயிற்சியாளரை உட்வார்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, அவரை விடுவதைவிட டொனால்ட் டிரம்பையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன் என்றார். தொலைக்காட்சியில் நானே பார்த்தேன். மருமகன் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வியாழன் உட்வார்ட் பதவியில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அப்போது நிரந்தரத் தலைவரும் இல்லை, பழையவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். மேற்பார்வைக் குழு இருக்கிறது. ஆனால் அதன் உறுப்பினர்களை நியமிப்பதே ஆளுநர்தான்.

ஆளுநர் சொன்ன குற்றச்சாட்டையும் பாருங்கள். உட்வார்ட் முன்பு டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் இருந்தபோதும் இப்படித்தான் ஒரு ஒப்பந்தம் போட்டு, அந்தப் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை 2023இல் அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் அழ வேண்டியதாயிற்று என்பது. பாதி உண்மை. 2017இல் ஃபிஷரைக் கொண்டுவந்தவர் உட்வார்ட்தான். ஆனால் அந்தப் பெரிய தொகைக்கு வழி வைத்த நீட்டிப்பு 2021இல் போடப்பட்டது. அப்போது உட்வார்ட் அந்த ஊரிலேயே இல்லை, எல்.எஸ்.யு.வுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதையெல்லாம் மைக் முன்னால் யார் விளக்குவது? உட்வார்டும் ஒன்றும் அரசியல் அறியாத அப்பாவி இல்லை, இதே பல்கலைக்கழகத்தில் அரசாங்கத் தொடர்பு வேலை பார்த்துத்தான் மேலே வந்தவர். அவர் காலத்தில் பெண்கள் கூடைப்பந்தும் பேஸ்பாலும் தேசியப் பட்டம் வாங்கியதை அந்த வாரம் ஒருவரும் நினைக்கவில்லை. போகும்போது, என் முடிவுகளைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும், நான் பேசமாட்டேன் என்கிற தோரணையில் ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போனார். அவருக்கும் 60 லட்சம் டாலருக்கு மேல் வரவேண்டியிருந்ததாகச் செய்தி. அவ்வளவு கொடுத்தால் நானும் பேசாமல்தான் போயிருப்பேன்.

இன்னொன்று. மக்கள் பணம் வீணாகிறதே என்று அத்தனை கவலைப்பட்டார்களே, ஒரே மாதத்தில் லேன் கிஃபின் என்ற அடுத்த பயிற்சியாளர் வந்தார். ஏழு வருஷம், சுமார் 9.1 கோடி டாலர். கவலை எங்கே போனது?

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1934இல் ஹூயி லாங் என்ற அரசியல்வாதி, முன்னாள் ஆளுநர், அப்போது செனட்டர், இதே எல்.எஸ்.யு. அணி இடைவேளையில் பின்தங்கி நின்றபோது வீரர்களிடம் நான்தான் பேசுவேன் என்று வந்து நின்றார். பயிற்சியாளர் பிஃப் ஜோன்ஸ் ராணுவக்காரர். முடியாது என்றார், அன்றோடு வேலையையும் விட்டார். ஆட்டத்தை ஒரு புள்ளியில் ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் விட்டார். அதே லாங், ஆட்டம் நடக்கும் நாளில் ஊரில் சர்க்கஸ் போட்டால் கூட்டம் குறையும் என்று, வெளியிலிருந்து வரும் மிருகங்களையெல்லாம் உண்ணி மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டிச் சர்க்கஸ்காரர்களை மிரட்டியவர். யானையை எப்படி முக்குவது? காட்சி ரத்து. இன்றைய ஆளுநரோ 2024 நவம்பரில் அலபாமா ஆட்டத்துக்கு ஃபுளோரிடாவிலிருந்து, அணியின் சின்னம் என்று, உயிருள்ள புலியைக் கூண்டில் வரவழைத்தார். பல்கலைக்கழகம் அந்த வழக்கத்தையே விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. புலி வந்தது, எல்.எஸ்.யு. 42-13 என்று தோற்றது.

நாற்காலி அரசியல் இங்கே மட்டும் இல்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் 2017இல் ஜான் கரி என்ற இயக்குநர் புதிய பயிற்சியாளரைத் தேடி வெளியூர் போயிருந்தார். திரும்பக் கூப்பிட்டு, வந்ததும் இடைநீக்கம். அதே நாள் அவர் நாற்காலியில் பழைய பயிற்சியாளர் ஒருவர் உட்கார்ந்தார். ஆகவே “நுழைய முடியாது” என்று இனி எழுதுவதற்கு முன் தங்கள் கட்டுரையாளர் ஒரு போன் போட்டிருக்கலாம். இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுபவரும் சொல்வார்.

என் ஆத்திரம் லூசியானாவைப் பற்றியது மட்டும் அல்ல என்பது தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தென்மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பெயர் வேண்டாம், கல்லூரி இன்னும் இருக்கிறது, செயலரும் இருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர ஒரு பையன் வாலிபால் சான்றிதழோடு வந்தான். செயலருக்கு வேண்டியவர் வீட்டுப் பிள்ளை. கோர்ட்டில் நிற்கவைத்து ஒரு சர்வீஸ் போடச் சொன்னேன். பந்து வலைக்குக் கீழே போயிற்று. இன்னொன்று போடச் சொன்னேன், அது என் மேல் வந்து விழுந்தது. நான் பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் ஸ்டோர் ரூமுக்கு யோகம் அடித்தது. எட்டிப் பார்க்காத ஆட்களெல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு வந்து இறகுப்பந்து டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். தேய்ந்துபோன பந்துக்கு விளக்கம், உடைந்த ஈட்டிக்கு விளக்கம். உதவிபெறும் கல்லூரியில் வேறு ஊருக்கு மாற்ற முடியாது, ஆகவே நூலக வாசலில் மேஜை போட்டு, அடையாள அட்டை பார்க்க உட்காரவைத்தார்கள். மண்டலப் போட்டிக்கு எங்கள் கபடிப் பையன்கள் பேருந்தில் ஏறும்போது நான் அந்த மேஜையில் இருந்தேன். கடைசியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன்.

தங்கள் நாளிதழில் மூன்று வரி வந்தது. “உடல்நலக் குறைவால் விருப்ப ஓய்வு பெற்றார்.” ஐயா, அன்று விடியற்காலையிலும் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்துதான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். தங்கள் நிருபர் செயலரிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. என் வீடு கல்லூரிக்கு அடுத்த தெரு. அப்புறம் ஒரு வருஷம் பார்த்தவர்களெல்லாம் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று விசாரித்தார்கள். லூசியானாவில் குறைந்தபட்சம் ஆளுநர் கேமரா முன்னால் நின்று, நான்தான் விடமாட்டேன் என்கிறார். எங்கள் செயலர் பிரிவு உபசார விழா வைத்து, சால்வை போட்டு, என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போதே மறுப்பு எழுதினேன். தாங்கள் பெரிய மனதோடு அதை வெளியிட்டீர்கள், செயலர் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டு. மிஞ்சியது, எனக்குப் பணியாற்ற வாய்ப்பளித்த நிர்வாகத்துக்கு நன்றி என்ற வரிதான். அதை நறுக்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பழையதைக் கிளறுவதாக நினைக்க வேண்டாம். இப்போது கேட்பது சின்ன விஷயம். முன்பெல்லாம் மண்டலப் போட்டி, மண்டலங்களுக்கு இடையேயான போட்டி முடிவுகளைத் தாங்கள் போடும்போது ஜெயித்த அணியின் அத்தனை பேர் பெயரும் இனிஷியலோடு வரும், கீழே உடற்கல்வி இயக்குநர் பெயரும் வரும். பையன்கள் அதை வெட்டி, சான்றிதழ் ஃபைலில் வைத்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகும்போது அதையும் சேர்த்துக் காட்டியவர்களை எனக்குத் தெரியும். இப்போது கல்லூரி பெயர் மட்டும் வருகிறது, சில சமயம் அதுவும் பக்கத்துக் கல்லூரியின் பெயராக. ஐ.பி.எல். ஏலத்துக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், கொடுங்கள். கபடிக்குப் பன்னிரண்டு பெயர் போட நாலு விரல்கடை இடம் போதும். அதைத் திரும்பத் தொடங்க வேண்டும். கூடவே, எந்தக் கல்லூரியிலாவது பி.டி. திடீரென்று போனால் அவருக்கும் ஒரு போன் போடச் சொல்லுங்கள் நிருபரிடம்.

கடிதம் நீளம், வெட்டத்தான் வேண்டும் என்றால் புலியை வெட்டிக்கொள்ளுங்கள், சர்க்கஸையும் எடுத்துவிடுங்கள். வாலிபால் சர்வீஸ் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்
(உடல்நலம் நன்று)
முகாம்: பேட்டன் ரூஜ், லூசியானா