சாய்தளம் கட்டினோம், அவளைக் கேட்கவில்லை

நாள்: 17.11.2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். ஆண்டுதோறும் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பத்து நிமிடம் பேசுவேன். மாணவர்கள் கைதட்டுவார்கள், முதல் பாடவேளை தொடங்கிவிடும். இந்த ஆண்டு நான் பேசப்போவதில்லை. அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். தரைக்கும் வகுப்பறைத் தாழ்வாரத்துக்கும் ஒன்றரை அடி உயரம். கொத்தனாரும் நானும் நின்று பார்த்து ஆறடி நீளத்தில் ஒரு சாய்தளம் கட்டினோம். எனக்கு அதில் நிறைவுதான். ஆனால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நமக்குப் பதினெட்டு அடி தேவைப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவள் அந்த மாணவிதான், அதுவும் ஓராண்டு கழித்து. அதுவரை இரண்டு தோழிகள் பின்னாலிருந்து தள்ளித்தான் அவள் மேலே ஏறியிருக்கிறாள். இறங்கும்போது நாற்காலி உருண்டோடிவிடுமோ என்ற பயத்தில் இடைவேளைகளில் வகுப்பைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருக்கிறாள். கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலியோடு உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. அதனால் மாலைவரை தண்ணீர் குடிக்காமலேயே இருந்திருக்கிறாள். "கட்டுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

அவள் கேட்டதைத்தான் உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் இயக்கம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறது: எங்களைப் பற்றிய முடிவை எங்களை விட்டுவிட்டு எடுக்காதீர்கள். 2006-இல் ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. மறு ஆண்டே இந்தியா அதை உறுதிசெய்தது. அதையொட்டி வந்ததுதான் 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாயின. கற்றல் குறைபாடும் புறஉலகச் சிந்தனையின்மையும் (ஆட்டிசம்) அதில் அடக்கம். 'படிப்பு ஏறவில்லை' என்று நாம் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளில் சிலரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

சென்னை மெரினாவுக்குப் போயிருப்பீர்கள். சக்கர நாற்காலி மணலில் புதைந்துவிடும் என்பதால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் இருந்தார்கள். டிசம்பர் மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்ட பிறகே 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை வந்தது. திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பாதையைச் சீரமைத்தார்கள். சென்னையின் தாழ்தளப் பேருந்துகளுக்கும் இதே கதைதான். உயர் நீதிமன்றம்வரை போய் வாதாடிய பிறகு 2024-இல் அவை ஓடத் தொடங்கின. இன்று கைக்குழந்தையோடு வரும் தாயும் மூட்டுவலிக்காரப் பாட்டியும் அதே பேருந்தில் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள்.

அரசியலிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. நகர்ப்புற அமைப்புகளில் அதுவரை முப்பத்தைந்து பேர்தான் இருந்தார்கள் என்று அப்போது முதல்வரே சொன்னார். இனி நகர்ப்புறத்தில் 650 பேரும் ஊராட்சிகளில் 12,913 பேரும் இடம்பெறலாம். ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி அளவில் வேறு இடங்கள். தெருவிளக்கும் வடிகாலும் முடிவாகிற மன்றத்தில் அவர்களும் உட்காரப்போகிறார்கள். என் பார்வையில், கொடையாக வழங்கப்படும் எந்த உபகரணத்தையும்விட இது பெரியது.

தமிழாசிரியர்களோடு நான் நெடுநேரம் பேசிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இரட்டைப்புலவர்கள் கதை நமக்குத் தெரியும். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது, ஒருவர் மற்றவரைத் தோளில் சுமந்தார். இதோடு நிறுத்திவிடுகிறோம். கலம்பகம் என்னும் சிற்றிலக்கியம் பாடுவதில் அவர்களுக்கு நிகர் இல்லை என்று பெயரெடுத்தவர்கள் அவர்கள். ஆங்கூர்க் கோயிலில் நின்று, நாங்கள் பசித்திருப்பது நியாயமா என்று சிவனையே கேட்டவர்கள். அந்தக் குரலை விட்டுவிட்டுத் தோளில் சுமந்ததை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். 'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா' என்ற பழமொழியை, மதிப்பெண் குறைந்த பையனிடம் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இனி சொல்லமாட்டேன். 'நொண்டிச் சாக்கு', 'செவிட்டுப் பிணம்' போன்ற சொற்களை வீட்டிலும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் அவற்றைப் பள்ளிக்கு வரும்போதே கொண்டுவருகிறார்கள்.

இந்த டிசம்பர் 3 அன்று காலை 10 மணிக்கு மாற்றுத்திறனாளிகள் மூவர் நம் பள்ளிக்கு வருகிறார்கள். ஒருவர் உரிமைச் சங்கத்தில் பணியாற்றுபவர், ஒருவர் நாட்டுப்புறப் பாடகர், ஒருவர் வங்கி ஊழியர். கேள்விகளை மாணவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரும் உடனிருப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் விளையாட்டு இந்த முறை இல்லை. பொன்னாடையும் இல்லை. விருந்தினர்களே அது வேண்டாம் என்றார்கள். பேச வருவதற்கான பயணச்செலவும் மதிப்பூதியமும் தருகிறோம்.

மாணவர் மன்றத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஓர் இடம் ஜனவரி முதல் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தாய் ஒருவர் உறுப்பினராக இருக்கிறார். இதுவரை கையொப்பத்துக்கு மட்டுமே அவரிடம் பதிவேட்டை நீட்டினோம். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளை அவரே முன்வைப்பார்.

உங்கள் பிள்ளைக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ எழுதுவதிலோ சிரமம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழி உண்டு. அதற்கான சான்றிதழ் வேலையைப் பருவத் தொடக்கத்திலேயே தொடங்கினால்தான் முடியும். பெற்றோரில் மாற்றுத்திறனாளிகள் இருந்தால், அன்று வந்து முன்வரிசையில் அமர வேண்டும் என்பது என் விருப்பம். நிகழ்ச்சி தரைத்தள வகுப்பறையில்தான் நடக்கும்.

புதிய சாய்தளத்துக்கான அளவை அந்த மாணவி நோட்டில் வரைந்து கொடுத்திருக்கிறாள். சுவரையொட்டித் திரும்பும் பதினெட்டு அடி, நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு சமதளம், இருபுறமும் கைப்பிடி. அரையாண்டு விடுமுறையில் வேலை தொடங்குகிறது. பெற்றோரில் கொத்தனார்கள், வெல்டர்கள் இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் என்னைப் பாருங்கள். அவளும் அந்த நேரத்தில் உடனிருப்பாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்